ஒரு நாள் விட்டு ஒரு நாள்

கச்சால் தீவின் நாற்பது கிணறுகளுக்கும் மூன்று வருடம் நாள் தவறாமல் தண்ணீர் திறந்துவிட்டதாகப் பதிவேடு சொல்கிறது. அது பொய். அந்தப் பொய்யை எழுதியவர்கள் பத்தொன்பது பேர். அவர்களுக்குத் தலைவி புஷ்பராணி. தான் எழுதும் பொய் ஒருநாள் விஞ்ஞானமாகிவிடும் என்று அவளுக்குத் தெரியாது. கால் வலி தெரியும், அவ்வளவுதான்.

கிணறு என்றால் வாளி போட்டு இறைக்கிற கிணறு இல்லை. ஒரு சாண் அகலக் குழாய். மலையில் தொடங்கிச் சாய்வாக இறங்கி, கடலுக்கும் கீழே, இருபது கிலோமீட்டர் ஆழம் போகிறது. அந்த ஆழத்தில் இந்தியத் தட்டு நிக்கோபார் தீவுகளுக்கு அடியில் நுழைகிறது. 2004-இல் அது ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் நீளத்துக்கு அறுந்துகொண்டதில்தான் ஆழிப்பேரலை வந்தது. எல்லாம் விடுபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கச்சாலுக்கு அடியில் ஒரு துண்டு மட்டும் விடுபடாமல் பூட்டிக் கிடக்கிறது, மேலும் மேலும் முறுக்கேறுகிறது என்று ஐம்பது வருடம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். அது அறுந்தால் வரும் பூகம்பத்தின் அளவு ஒன்பது. அறுவதற்கு முன்னால் மெதுவாக நழுவ வைத்துவிட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கிணறுகள், தண்ணீர், நழுவல் திட்டம் எல்லாம்.

முதலில் மோட்டார் வைத்துப் பார்த்தார்கள். மலை ஓடையை மறித்துக் கட்டிய தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கும். மோட்டார் குழாயைத் திறந்து மூடினால் போதும். உப்புக்காற்று ஒரே மழைக்காலத்தில் நாற்பது மோட்டாரையும் தின்றது. தண்ணீரின் அளவைச் சொல்லும் மீட்டருக்குள் எறும்பு குடும்பம் நடத்தியது. மனிதன் துருப்பிடிக்க நாளாகும். ஆகவே கைச்சக்கரம் பொருத்தி, ஆள் வைத்தார்கள்.

ஆள் கிடைப்பதில் கஷ்டமில்லை. தீவில் ரப்பர் பால் வெட்டும் தமிழர்கள் இருந்தார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, இங்கே ரப்பர் நடக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். விடியுமுன் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு மலை ஏறிப் பழகிய கால்கள். ஆளுக்கு இரண்டு கிணறு. தினமும் இரண்டையும் திறந்து, ஆறு மணி நேரம் கழித்து மூடவேண்டும்.

வரைபடத்தில் விரலால் கோடு போட்டவர்களுக்கு அது சுலபம். ஒரு கிணற்றிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டரை மணி நேர ஏற்ற இறக்கம். இடையில் அட்டைப்பூச்சி, வழுக்குப் பாறை, மழை. முதல் வாரத்திலேயே எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ரப்பர் தோட்டத்தில் ஒரு மரத்தைத் தினமும் வெட்டுவதில்லை. இன்று இந்தப் பாத்தி, நாளைக்கு அந்தப் பாத்தி. தினமும் வெட்டினால் பால் வற்றிப் பட்டை செத்துப்போகும். மூன்று தலைமுறையாகக் கால்களுக்குத் தெரிந்த நடை அது. இன்றைக்கு ஒரு கிணறு, நாளைக்கு அடுத்தது. பதிவேட்டில் மட்டும் இரண்டுக்கும் கையெழுத்து.

இதை ஞானம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். உடம்பு முடியவில்லை. அதுதான் காரணம்.

திட்டத்தின் தலைமை விஞ்ஞானி நப்பின்னை, முப்பத்தைந்து வயதுக்காரி. ஆட்கள் அவளை முதுகுக்குப் பின்னால் தொரைசாணி என்றார்கள், முகத்துக்கு நேரே மேடம். நல்ல மாதிரிதான். ஆனால் அவள் அலுவலகத்தில் நாற்காலிகள் இருந்தும் ஆட்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. அவள் உட்காரச் சொல்லவில்லை, இவர்களுக்கும் தோன்றவில்லை.

அந்த அலுவலகச் சுவரில் ஒரு அட்டவணை தொங்கியது. மனிதர்கள் அளந்து எழுதிவைத்ததில் மிகப் பெரிய ஐந்து பூகம்பங்கள். சிலி, 1960, ஒன்பதரை. அலாஸ்கா, 1964. சுமத்ரா, 2004. ஜப்பான், 2011. கம்சட்கா, 1952, ஒன்பது. கடைசிக் கட்டத்தில் இறந்தவர்கள் எண்ணிக்கை. சுமத்ராவுக்கு நேரே இரண்டே கால் லட்சம் என்று இருந்தது. அந்த எண்ணிக்கையில் புஷ்பராணியின் அப்பாவைப் பெற்றவர்களும், அவருடைய நான்கு உடன்பிறப்புகளும் அடக்கம்.

முதல் வருடம் பதிவேட்டைக் கொடுக்க வந்தபோது புஷ்பராணி கேட்டாள், ஒன்பதுக்கும் எட்டுக்கும் ஒன்றுதானே வித்தியாசம், அதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று. நப்பின்னை சிரிக்கவில்லை. மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் சிரட்டையை வைத்துச் சொன்னாள்.

"ஆறுங்கற பூகம்பம் ஒரு சிரட்டைப் பால்னு வைங்க அக்கா. ஏழு, முப்பத்திரண்டு சிரட்டை. எட்டு, ஆயிரம் சிரட்டை. ஒன்பது, முப்பத்திரண்டாயிரம் சிரட்டை."

"சிலி?"

"அதுக்கும் மேல அஞ்சாறு மடங்கு."

புஷ்பராணி மனதுக்குள் அளந்து பார்த்தாள். நம் தோட்டத்தில் ஒரு நாளைக்கு அவ்வளவு பால் வராதே என்றாள். நப்பின்னை சொன்னாள், அவ்வளவும் ஒரே நேரத்தில், மூன்று நான்கு நிமிடத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதைத்தான் நாம் சொட்டுச் சொட்டாக வடிக்கப் பார்க்கிறோம் என்று.

வடிந்தது. மூன்று வருடத்தில் அந்தப் பூட்டு கால்வாசி நழுவிவிட்டது. கடலடிக் கருவிகள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. டம்ளர் தண்ணீர் அலுங்கவில்லை. பதினேழு, பதினெட்டு ஆகிய இரட்டைக் கிணறுகள் இருந்த மேற்குச் சரிவு மட்டும் முதல் இரண்டு வருடமும் உறுமிக்கொண்டே இருந்தது. நாலு, நாலரை என்று மாதத்துக்கு இரண்டு மூன்று அதிர்வு. அங்கே பாறையின் குணம் அப்படி என்று அறிக்கையில் எழுதினார்கள். போன வருடம் மே மாதம் ஐந்தே முக்கால் ஒன்று வந்து, சரிவிலிருந்து பாறை உருண்டது. அந்தக் கிணறுகளைப் பார்த்துக்கொண்ட சவரிராஜின் இடது கால் அதில் நசுங்கியது. ரப்பர் ஷீட்டில் கிடத்தி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். கப்பல் வர இரண்டு நாள் ஆயிற்று. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சவரிராஜ், புஷ்பராணியின் செத்துப்போன புருஷனுக்குத் தம்பி.

*

2068 மார்ச்சில், ஒரு திங்கட்கிழமை, நப்பின்னை முகமெல்லாம் சிரிப்பாக ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். திட்டம் வெற்றி. உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. துருப்பிடிக்காத புது மோட்டார்கள் கப்பலில் வந்து இறங்கியாயிற்று. வியாழக்கிழமையிலிருந்து நாற்பது கிணறும் தானாகத் திறந்து தானாக மூடும், தினமும், ஒரு நாள் தவறாமல். ஆட்களுக்கு வேலை போகாது. மோட்டார்களைத் துடைக்க, காவல் காக்க வைத்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் சிலியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் கம்சட்காவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கச்சாலின் கணக்கை எடுத்துப்போய் அவரவர் ஊரில் அப்படியே செய்யப்போகிறார்கள்.

ஆட்கள் கைதட்டினார்கள். மலை ஏற வேண்டியதில்லை என்றால் யார்தான் தட்டமாட்டார்கள். புஷ்பராணியும் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தினாள்.

எல்லோரும் போனபின் அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"மேடம், இப்ப வுடுற தண்ணிய ரெட்டிப்பா வுட்டா என்னா ஆவும்?"

"ஏன் அக்கா?"

"சும்மாதான். மோட்டாரு வருதே. தப்பித்தவறிக் கூட வுட்டுட்டா?"

நப்பின்னை யோசித்துவிட்டுச் சொன்னாள், ஈரத் தரையில் பாதத்தை இழுத்து இழுத்து நடந்துவிடலாம், எண்ணெய் கொட்டிய தரையில் என்ன ஆகும் என்று.

"வுழுந்துருவோம்."

"அவ்வளவுதான். மெல்ல நழுவறது நின்னு, மொத்தமா அறுத்துக்கும்."

எவ்வளவு பெரிதாக என்று புஷ்பராணி கேட்கவில்லை. நப்பின்னையின் கண் தானாகச் சுவர் அட்டவணைக்குப் போனதைப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவின் மரம் இருந்தது. 2004-இல் அவருக்குப் பத்து வயது. அந்த ரப்பர் மரத்தில் ஏறி ஒன்றரை நாள் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிர் பிழைத்தவர். அதற்குப் பூசை போடவில்லை, பொட்டு வைக்கவில்லை. சாகும்வரை அந்த மரத்தில் கத்தி வைக்கவில்லை, பிறரையும் வைக்கவிடவில்லை. வெட்டுக்கு ஒரு சிரட்டைப் பால் நட்டம்; அதுதான் அவர் செலுத்திய நன்றி. நன்றி என்றால் கொஞ்சமாவது கைவிட்டுப் போகவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது அவரிடமிருந்துதான். அன்று அவள் அந்த மரத்தைத் தாண்டிப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

*

மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில், அதாவது ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் இடத்தில், அவள் விஷயத்தை உடைத்தாள். நாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் திறந்தோம். அந்தப் பாதித் தண்ணீரில்தான் பூட்டு நழுவுகிறது. அவர்கள் அது முழுத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை மோட்டார் உண்மையிலேயே தினமும் திறக்கும்.

ஆரோக்கியம்தான் ஆரம்பித்தான். எதையும் கேலியாகப் பேசுகிறவன்.

"ஏன் கங்காணியம்மா, மூணு வருசமாப் பொய் சொன்னோம், ஒரு ஓடுகூட வுழுவல. இப்ப உண்மையச் சொல்லித்தான் சாவணுமா?"

சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது. பிறகு எல்லோரும் பேசினார்கள். பொய்க் கையெழுத்துக்கு ஜெயில் என்றார் ஒருவர். திட்டத்து ஆட்கள் என்பதால்தான் மேட்டில் கான்கிரீட் வீடு கொடுத்திருக்கிறார்கள், வேலை போனால் வீடும் போகும், மறுபடியும் கடலோரத் தகரக் கொட்டகைதான் என்றாள் ஒருத்தி. அலை வந்தால் முதலில் போவது அந்தக் கொட்டகை.

"வூடு மேட்டுல இருக்கு," என்றாள் புஷ்பராணி. "மேடு எதுமேல இருக்கு?"

இருந்தும் யாரும் சம்மதிக்கவில்லை.

களத்து ஓரத்தில் கட்டைக்கால் நீட்டி உட்கார்ந்திருந்த சவரிராஜ் அப்போதுதான் வாயைத் திறந்தான். இப்போது அவனுக்குக் கருவிகளைத் துடைத்து அடுக்கும் வேலை.

"நெசமாவே நீங்க யாரும் ரெண்டு கிணத்துக்கும் போவலியா?"

"நீ போனியா?" என்றான் ஆரோக்கியம்.

"தெனம் போனேன்."

ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். யோக்கியன் என்ற பேர் அவனுக்கு முன்பே உண்டு. ஆனால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அவனுடைய இரண்டு கிணறுகளும் ஐம்பதடி இடைவெளியில் இருந்தன. ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதைத் திறக்காமல் வர ஒருவன் மெனக்கெட்டுச் சோம்பல்பட வேண்டும். அவனுக்குக் கால் போனபின் அந்த இரண்டையும் ஆரோக்கியத்தின் தலையில் சேர்த்துக் கட்டினார்கள். அவன் தன் வழக்கப்படி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய் வந்தான்.

யாரும் என்னோடு வரவேண்டாம், என் இரண்டு கிணற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்று புஷ்பராணி கிளம்பினாள். பின்னால் திரும்பிப் பார்த்தபோது ஒரே ஆள்தான் கோலூன்றி வந்துகொண்டிருந்தான். ஒப்புக்கொள்ள எதுவும் இல்லாதவன்.

"நீ எதுக்குடா வர்ற?"

"ஜெயிலுக்குப் போனா பேச்சுத்துணைக்கு ஆளு வேணாமா அண்ணி?"

*

நப்பின்னை கேட்டு முடிக்கும்வரை அசையவில்லை. புஷ்பராணி பதிவேட்டை மேசைமேல் வைத்து, எந்தக் கையெழுத்து நிஜம், எது பொய் என்று தன் பக்கங்களில் விரல் வைத்துக் காட்டினாள். ஒற்றைப்படை நாளில் இருபத்தொன்றாம் கிணறு, இரட்டைப்படை நாளில் இருபத்திரண்டாம் கிணறு. மழைக்காலத்தில் சில நாள் இரண்டுமே இல்லை.

"மத்தவங்க?"

"அத அவங்கதான் சொல்லணும்."

நப்பின்னை எழுந்து போய் சன்னலருகே நின்றாள். அவள் பெயரில் அச்சாகியிருந்த கட்டுரைகள் இரண்டு. இரண்டிலும் 'தினமும்' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று அவளுக்கு மனப்பாடம். கத்துவாள் என்று புஷ்பராணி எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராக வந்திருந்தாள்.

நப்பின்னை திரும்பி வந்து சுவர் அட்டவணையில் கம்சட்காவைத் தொட்டாள். அங்கே எத்தனை பேர் செத்தார்கள் என்பதை அந்த அரசாங்கமே பல வருடம் வெளியே விடாமல் மூடிவைத்திருந்தது, அலை வந்தது என்றுகூட அக்கம்பக்கத்து ஊருக்குத் தெரியாது என்றாள். சொல்லியிருந்தால் கடலோரத்து ஊர்கள் கொஞ்சம் முன்னாலேயே படித்திருக்கும் என்றாள். பிறகு மேசைக்கு முன்னால் இருந்த இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க அக்கா. நீங்களும் உக்காருங்க. வந்து சொன்னதுக்கு நன்றி."

மூன்று வருடத்தில் புஷ்பராணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். நுனியில்தான் உட்கார்ந்தாள்.

பிறகு நப்பின்னை ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு பெரட்டுக் களத்துக்கு நடந்தாள். ஆட்கள் இன்னும் கலையவில்லை. பார்த்ததும் எழுந்து நின்றார்கள். அவள் தரையில் உட்கார்ந்தாள். அவர்களுக்கும் உட்காருவதைத் தவிர வழியில்லை.

"இது போலீஸ் கேக்கற கேள்வி இல்லை," என்றாள். "நிஜமா என்ன செஞ்சீங்கன்னு தெரியலைன்னா, வியாழக்கிழமை நான் என்ன செய்யப்போறேன்னு எனக்கே தெரியாது."

முதலில் பேசியது ஆரோக்கியம்தான்.

"எழுதிக்கங்க மேடம். ஒம்பதாம் நம்பர் ஒரு நாள், பத்து மறுநாள். எங்க மாமனார் செத்தப்ப அஞ்சு நாளு ரெண்டும் இல்ல. அவரு அஞ்சு நாளு துக்கத்துக்குப் பெறுமானமில்லாத ஆளுதான், ஆனா மழ பேஞ்சிச்சு."

அதற்குப் பிறகு தடையில்லை. பொய்யை நினைவில் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். நிஜத்தை எப்படியோ உடம்பு வைத்திருக்கிறது. தேதி யாருக்கும் தெரியவில்லை. மாதா திருவிழா தெரிந்தது, மாரியம்மன் கஞ்சி தெரிந்தது, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பிரசவம், எந்த வாரம் கப்பல் வராமல் அரிசி தீர்ந்தது என்று தெரிந்தது. ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார். அன்னைக்கு நீ போகவே இல்லை, நம் வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாய் என்று சொந்தப் பெண்டாட்டியே காட்டிக்கொடுத்தாள். வெயில் ஏறி இறங்க ஆரம்பித்தபோது நோட்டு முக்கால்வாசி நிறைந்திருந்தது.

நப்பின்னை பக்கங்களைப் புரட்டினாள். நாற்பதில் முப்பத்தெட்டு கிணறு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஏறக்குறைய ஒரே சீராக.

"பதினேழும் பதினெட்டும் மட்டும்தான் தினமும் திறந்திருக்கு," என்றாள். "முதல் ரெண்டு வருஷம் அங்கதான் அதிர்ந்துச்சு. அப்புறம் நின்னுபோச்சு. போன வருஷம் மே மாசத்துக்கு மேல ஒண்ணுகூட இல்லை. பாறைன்னு எழுதினோம். மே மாசம் அங்க என்ன மாறுச்சு?"

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. களத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் சவரிராஜ் பக்கம் பார்க்கவில்லை. ஆகவே எல்லோரும் எங்கே பார்க்கக்கூடாது என்று நினைக்கிறார்கள் என்பது அவனுக்கும் தெரிந்தது.

மே மாதம் மாறியது ஒன்றுதான். தினமும் திறந்தவனுக்குக் கால் போயிற்று.

சவரிராஜின் மனைவி ரெஜினா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவன் கட்டைக்காலைத் தடவிப் பார்த்தான்.

"அப்ப, ஒழுங்கா வேல செஞ்ச கூலியா இது."

"நாங்க எழுதிக் கொடுத்ததைத்தான் நீங்க செஞ்சீங்க," என்றாள் நப்பின்னை. "தினமும்னு எழுதினது நான். அந்தக் கால் என் கணக்குல போனது."

ஆரோக்கியம் எழுந்து வந்து சவரிராஜ் பக்கத்தில் குந்தினான். கேலிக்காரன் கண் கலங்கினால் பார்க்கச் சகிக்காது.

"நீ மட்டும் ஏன்டா மச்சான் யோக்கியமா இருந்த? எங்கள மாதிரி இருந்திருந்தா..."

"நீங்க எல்லாம் என்ன மாதிரி இருந்திருந்தா?" என்றான் சவரிராஜ்.

நாற்பது கிணறும் பதினேழைப் போல என்று நினைத்துப் பார்த்தார்கள். கச்சால், கார் நிக்கோபார், அதற்கு மேற்கே கடலைத் தாண்டி நாகப்பட்டினம், கடலூர், இலங்கையின் கிழக்குக் கரை. நப்பின்னை நோட்டை மூடினாள்.

"பாதி வேலைக்கு நன்றி சொல்லணும் போலருக்கே," என்று சவரிராஜே சொன்னான். "இவனுங்க சோம்பேறித்தனத்தால நான் உசுரோட இருக்கேன். நம்ம எல்லாரும் இருக்கோம்."

*

மோட்டார் வியாழக்கிழமை ஓடவில்லை. நப்பின்னை அன்றிரவே தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றாள். கச்சாலின் கணக்கைக் கேட்டிருந்த நான்கு இடங்களுக்கும் ஒரே வரி அனுப்பினாள்: தினமும் அல்ல, ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆதாரம், பதினேழாம் கிணறு. அவள் பதவி ஒரு படி இறங்கியது. விசாரணைக்கு வந்தவர்கள் அவளிடமும் ஆட்களிடமும் ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டார்கள். பொய் எழுதிய பத்தொன்பது பேருக்கும் வேலை நீக்கம். மேட்டு வீடுகளை மூன்று மாதத்தில் காலி செய்ய நோட்டீஸ். நியாயமாகப் பார்த்தால் தவறு சொல்ல முடியாது. பொய்க் கையெழுத்து பொய்க் கையெழுத்துதான்.

புது மோட்டார்களை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட வைத்தார்கள். துருப்பிடிக்காது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். இரண்டாவது மழைக்கு இருபத்தாறு நின்றன. அடுத்த மாதம் எல்லாம் நின்றன. நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்த அதே குமாஸ்தா வீடு வீடாக வந்து அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் பெரட்டுக் களத்தில் பத்தொன்பது பேரும் நின்றார்கள். நியாயம் ஜெயிக்கவில்லை, துரு ஜெயித்தது. இருந்தாலும் புஷ்பராணி அதற்கும் நன்றி சொன்னாள். அவள் எதற்கும் சொல்வாள்.

இந்தத் தடவை ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிணறு என்று விதியிலேயே எழுதியிருந்தது. பதிவேட்டில் பொய் எழுத அவசியமே இல்லாமல் போயிற்று. ஆரோக்கியத்துக்கு அது கொஞ்சம் சப்பென்று இருந்தது.

சிலியிலிருந்து ஒருமுறை ஒரு புகைப்படம் வந்தது. மழையில் நனைந்த ஆண்களும் பெண்களும் பத்துப் பன்னிரண்டு பேர், கைச்சக்கரம் ஒன்றைச் சுற்றி நிற்கிறார்கள். அங்கேயும் மோட்டார் நின்றுவிட்டதாம். பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது. நப்பின்னை படித்துச் சொன்னாள்: ஓய்வு நாளுக்கு நன்றி என்று.

*

2075 ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோரையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். நாற்காலி எல்லோருக்கும் போதவில்லை. பாதிப்பேர் மேசைமேலும் சன்னல் கட்டையிலும் உட்கார்ந்தார்கள். சவரிராஜுக்கு மட்டும் நல்ல நாற்காலி.

நப்பின்னைக்குத் தலையில் கொஞ்சம் நரை விழுந்திருந்தது. கடலடிக் கருவியின் கடைசிக் கோட்டைக் காட்டினாள். பூட்டு முழுக்க விடுபட்டுவிட்டது. தட்டு இப்போது தன் பாட்டுக்கு, நகம் வளரும் வேகத்தில் நழுவிக்கொண்டிருக்கிறது.

"முடிஞ்சுபோச்சு," என்றாள். "வரவேண்டிய பூகம்பம் வந்துட்டுப் போயிருச்சு. மொத்தமாக் கூட்டினா ஒன்பது. முப்பத்திரண்டாயிரம் சிரட்டை."

"எப்ப வந்துச்சு?" என்றாள் ரெஜினா.

"பத்து வருஷமா வந்துட்டு இருந்துச்சு. இன்னைக்குக் காலைல முடிஞ்சுது. நீங்க அப்ப கிணத்துக்குப் போயிட்டு இருந்தீங்க."

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கைதட்டத் தோன்றவில்லை. காலுக்குக் கீழே தரை இருந்தது. அது மட்டும்தான் அடையாளம். இரண்டு பேர் குனிந்து சிமெண்டுத் தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள்; மற்றவர்கள் அதைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்கள்.

நப்பின்னை பேனாவை எடுத்துச் சுவர் அட்டவணைக்குப் போனாள். கம்சட்காவுக்குக் கீழே கோடு இழுத்து ஆறாவது வரிசை எழுதினாள். கச்சால். 2065 முதல் 2075 வரை. ஒன்பது. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் நின்று, இறந்தவர் எவருமில்லை என்று எழுதினாள். அந்தச் சுவரில் அப்படி ஒரு கட்டம் அதுதான்.

"மேடம்," என்றாள் புஷ்பராணி. "காலு எங்க?"

நப்பின்னை திரும்பிப் பார்த்தாள். பிறகு அதே கட்டத்தில், இடம் போதாமல் சின்ன எழுத்தில், சவரிராஜ், இடது கால் என்று சேர்த்தாள்.

சவரிராஜ் நாற்காலியிலிருந்து எட்டிப் படித்தான். அதிகம் படித்தவன் இல்லை, நேரம் எடுத்துக்கொண்டான்.

"முட்டிக்குக் கீழன்னு எழுதுங்க மேடம்," என்றான். "மேல இருக்குல்ல."